துப்பாக்கி கேம்களும் நம் பிள்ளைகளும்: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் பாடம் வருகிறது என்று சொன்னோம். சீட்டுக் காசையும் நகையை அடகு வைத்த காசையும் போட்டு எத்தனையோ வீடுகளில் அப்போதுதான் முதல் ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். வாங்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பாடசாலை திறந்த பிறகும் போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, நாலைந்து தாய்மார் மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். கேட்பதெல்லாம் துப்பாக்கி கேம் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும், நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தக் கேம்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இல்லையா, டீச்சர்?

வீடியோ கேமுக்கென்று இல்லை. இது 12 வயதுக்கு, இது 18 வயதுக்கு என்று கேம்களைத் தரம் பிரிக்கும் அரச சபையும் இல்லை. சினிமாப் படம் என்றால் தணிக்கைச் சபை பார்த்து, ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று சொல்லும். கேமுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

ஆனால் இதே கவலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1956இல், இலங்கை சிலோன் என்று அழைக்கப்பட்ட காலத்தில், சிறுவருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்க 48ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்போது உலகம் முழுக்கப் பெரியவர்களைப் பயமுறுத்தியது ரத்தமும் பேயும் நிறைந்த படக்கதைப் புத்தகங்கள். இங்கிலாந்து 1955இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் போட்டது, அடுத்த வருடமே இங்கேயும் வந்துவிட்டது. குற்றம், கொடூரம், அருவருப்பான சம்பவங்கள் ஆகியவற்றைப் படங்களால் சொல்லி, பிள்ளைகள் கைக்குப் போகக்கூடிய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் அது தடுக்கிறது. கேமுக்கும் அப்படியே பொருந்தும் வர்ணனை. ஆனால் சட்டம் பேசுவது அச்சடித்த தாளைப் பற்றி. போன் திரைக்கு அது எட்டாது.

2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இணையத்தில் பரப்பப்படும் பொய்க் கூற்றுகள், தொந்தரவு, சிறுவர் துஷ்பிரயோகம் போன்றவற்றைப் பற்றியது. எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தக் கேமை விற்கலாம் என்பது அதன் விஷயமல்ல.

கேம் இலவசம்தானே? கடையில் எதை விற்கிறார்கள்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். வெளிநாட்டுச் சட்டங்களில் பெரும்பாலானவை கேமைப் பெட்டியில் போட்டு விற்ற காலத்தில் எழுதப்பட்டவை. பெட்டியைக் கொண்டுவந்து காசாளர் முன்னால் வைக்கும்போது வயதைக் கேட்கலாம். நம் டவுனில் அந்தப் பெட்டியே கிடையாது. ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி கேம்கள் இரண்டையும் போனில் இறக்க ஒரு சதமும் தேவையில்லை. காசு போவது உள்ளே போன பிறகுதான். கேமுக்குள் செல்லும் காசை நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும்: ஒன்றில் அதன் பெயர் டயமண்ட், மற்றதில் யூ.சி. அதைக் கொடுத்து உடுப்பு வாங்கலாம், துப்பாக்கிக்கு வர்ணம் வாங்கலாம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளையும் திறக்கலாம்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனுக்கு ரீலோட் போடப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில், டையைக் கழற்றிப் பைக்குள் திணித்த ஒரு பையன். எட்டாம் தரம் இருக்கலாம். நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, கொப்பி மட்டையில் எழுதியிருந்த ஒரு நீண்ட இலக்கத்தைக் காட்டினான். அது அவனுடைய பிளேயர் ஐடி, கேமில் அவன் கணக்கின் இலக்கம். கடைக்காரத் தம்பி அதைத் தன் போனில் தட்டினார், இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள், “வந்திருச்சாடா?” என்றார், “வந்திருச்சுண்ணே” என்றான். அரை நிமிடம். அவர் தலைக்கு மேலே சுவரில், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கப்படமாட்டாது என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் தொங்கியது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் போட்ட விதி அது. அதே பையன் ஒரு சிகரெட் கேட்டிருந்தால் அந்தத் தம்பி விரட்டியிருப்பார். நல்ல பிள்ளைதான் அவர், எனக்குத் தெரியும். இதற்கும் வயதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

பிரித்தானியாவில் 2012 ஜூலை 30 முதல், ஐரோப்பாவின் பெகி தரக்குறியீட்டுக்குச் சட்ட பலம் உண்டு. 12, 16, 18 என்ற குறி போட்ட கேமை அந்த வயதுக்குக் குறைந்தவருக்குக் கடையில் விற்றால் குற்றம், சிறைக்குக்கூடப் போகலாம். தண்டனை விற்றவருக்கு மட்டும்தான். வாங்கிய பிள்ளைக்கோ, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கோ இல்லை.

ஜெர்மனி இன்னும் கடுமை. 2002இல் எர்ஃபுர்ட் நகரில் ஒரு பாடசாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அங்கே இளைஞர் பாதுகாப்புச் சட்டத்தை இறுக்கினார்கள். கடைகள் வயதுக் குறியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மிக மோசமானவை என்று பட்டியலில் ஏறியவற்றை விளம்பரம் செய்யவோ, பிள்ளைகள் கண்ணில் படும்படி அடுக்கவோ கூடாது. ஆஸ்திரேலியாவில் கேமுக்கு 18 வயதுக்கு மேல் என்ற பிரிவே நெடுங்காலம் இல்லை. அதனால் பெரியவர்களுக்கான சில கேம்கள் நாட்டுக்குள்ளேயே வர முடியவில்லை. 2013 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவைச் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் தடைச் சட்டம் போட்டு, நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டதாமே? ஏன்?

ஆமாம். இந்த வழக்கை நான் ஊன்றிப் படித்தேன், ஏனென்றால் நம் ஊரில் நாம் பேசுகிற எல்லாமே அங்கே வாதமாக வந்திருக்கிறது.

2005இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. மனித உருவத்தைக் கொல்வது, ஊனமாக்குவது, துண்டாடுவது, பாலியல் வன்முறை செய்வது போன்றவை உள்ள சில கேம்களை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. மீறினால் 1000 டொலர் வரை தண்டம். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக 18 என்று ஒட்ட வேண்டும். கையெழுத்திட்ட ஆளுநர் யார் தெரியுமா? நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர். கேம் கம்பனிகளும் விற்பனையாளர்களும் வழக்குப் போட்டார்கள். சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2011 ஜூன் 27இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அது செல்லாது என்றது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஸ்காலியா. கேமும் புத்தகம், நாடகம், படம் போல ஒரு பேச்சு, எனவே பேச்சுச் சுதந்திரத்தின் காவல் அதற்கும் உண்டு என்றார். பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் வன்முறை எப்போதும் இருந்திருக்கிறது என்று காட்ட அவர் கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளை எடுத்தார். அவற்றில் ஒன்றில் இரண்டு குழந்தைகள் ஒரு சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளிக் கொல்கிறார்கள். கேம்தான் பிள்ளையை வன்முறைக்குத் தள்ளுகிறது என்பதை மாநிலம் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னார்.

அதைப் படித்தபோது எனக்கு நம் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஞாபகம் வந்தன. மாசி மாதக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அப்பாயி மடியில் உட்கார்ந்து, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பதை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவள் நான். ரதி அழும்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளே சேர்ந்து அழும். அந்த வகையில் ஸ்காலியா சொன்னது எனக்கு விளங்குகிறது.

ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. கூத்தில் எரிப்பவன் நானில்லை, பக்கத்தில் ஊரே இருந்தது. கேமில் சுடுகிறவன் பிள்ளையேதான், அதுவும் போர்வைக்குள் தனியாக. இதே தயக்கம் அந்த நீதிமன்றத்திலேயே இருந்தது. நீதியரசர் அலிட்டோ சட்டத்தைச் செல்லாது என்பதில் சேர்ந்துகொண்டார், காரணம் அது தெளிவாக எழுதப்படவில்லை என்பது. ஆனால் புதிய தொழில்நுட்பத்தைப் பழைய புத்தகத்தோடு அவசரப்பட்டு ஒப்பிட வேண்டாம் என்று எச்சரித்தார். எதிர்த்து எழுதிய பிரெயர் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சில் நிற்கிறது: நிர்வாணப் படம் உள்ள சஞ்சிகையை 13 வயதுப் பையனுக்கு விற்கக் கூடாது என்கிறோம், ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் கேமை மட்டும் விற்கலாமா? இன்னொரு எதிர்த்தரப்பு நீதியரசர் தோமஸ், பிள்ளையிடம் பேச வேண்டுமானால் பெற்றோர் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்.

அப்படியானால் அங்கே பிள்ளைகள் நினைத்ததை வாங்கலாமா?

சட்டம் தடுக்காது, கடை தடுக்கும். 1993இல் செனட் சபையில் வன்முறை கேம்கள் பற்றிப் பெரிய விசாரணை நடந்தது. அரசு கை வைப்பதற்கு முன் நாமே செய்துவிடுவோம் என்று கம்பனிகள் 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரக்குறியீட்டுச் சபையை அமைத்தன. அதில் ‘எம்’ என்ற குறி போட்டால் 17 வயதுக்கு மேல். அரசின் வர்த்தக ஆணையம் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தது. 2000இல் அவர்களில் 85 சதவீதம் பேர் ‘எம்’ கேமை வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2011இல் அது 13 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கவுன்டரில் நிற்பவர் கேட்டால் வேலை நடக்கிறது.

இந்தியாவில் பப்ஜியைத் தடை செய்தார்களே, இங்கேயும் செய்யலாம்தானே?

அந்தத் தடைக்குக் காரணம் வன்முறை அல்ல. 2020 செப்டெம்பர் 2இல் சீனாவோடு தொடர்புள்ள 118 செயலிகளை நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் காட்டித் தடுத்தார்கள், பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அடுத்த வருடமே இந்தியாவுக்கென்று வேறு பெயரில் அது திரும்பி வந்தது. தமிழ்நாட்டுச் செய்தியில் நீங்கள் பார்க்கும் ‘ஆன்லைன் விளையாட்டுத் தடை’ வேறு. 2023இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் ரம்மி போன்ற காசுச் சூதாட்டத்தைப் பற்றியது.

இரவில் கேம் வேலை செய்யாதபடி அரசாங்கமே நிறுத்த முடியாதா?

தென்கொரியா செய்து பார்த்தது. 2011 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் விளையாட முடியாது. பிள்ளைகள் பெரியவர்களின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள், போன் கேமுக்கு விதி பொருந்தவும் இல்லை. 2021இல் கைவிட்டார்கள். சீனா அதே வருடம் எதிர்த்திசையில் போனது: வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும். அதை அமுல்படுத்த ஒவ்வொரு கணக்கையும் அடையாள அட்டையோடு இணைக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு நம் பிள்ளைகளைப் பற்றிய விபரத்தை யாரிடமும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

என் மகன் எந்நேரமும் சுட்டுக்கொண்டே இருக்கிறான். நாளைக்கு நிஜமாகவே யாரையாவது அடிப்பானா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அம்மாமாரின் குரல் இறங்கிவிடும். அதனால் ஆராய்ச்சிகள் சொல்வதை அப்படியே சொல்கிறேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், கேமையும் நிஜ வன்முறையையும் இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆனால் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு காணப்படுகிறது என்றும் சொன்னது. ஒக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 14, 15 வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை கேமுக்கும் பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை.

எனவே மகன் கொலைகாரனாகிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். வகுப்பில் நான் பார்க்கும் பாதிப்பு வேறு. முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ந்துவிடுகிறது. தோற்றால் வாயில் வரும் வார்த்தை, தங்கச்சிமாருக்கு முன்னாலும் அதேதான். காதில் போட்ட ஹெட்செட்டில் எந்த ஊர் மனிதர் பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் காசு. கேம் ஒரு நோயாக மாறுவதும் உண்டு: உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்கு, வழக்கமாக 12 மாதம் அளவுக்கு, படிப்பு, தூக்கம், உறவு எல்லாவற்றையும் கேம் தின்றுகொண்டிருக்க வேண்டும். விடுமுறையில் நாலு நாள் ஓயாமல் விளையாடியது நோயல்ல.

பிளே ஸ்டோரில் 12+, 16+ என்று இருக்கிறதே, அது அரசாங்கம் போட்டதா?

இல்லை. கேம் செய்தவர்கள் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்கள்: ரத்தம் தெரியுமா, ஆள் சாகிறாரா, சூதாட்டம் உண்டா என்று. அந்தப் பதில்களை வைத்து ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச முறை வயதைக் கொடுக்கிறது. பிளே ஸ்டோர் 2015 முதல் இதைப் பாவிக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில், உள்ளே பொருள் வாங்கலாம் என்றும் பாவனையாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம் என்றும் குறிப்பு இருக்கும். என்னைக் கேட்டால் வயதை விட அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

போனில் எப்படிப் பூட்டுவது?

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பெரன்டல் கொன்ட்ரோல்ஸ் என்று போங்கள். நாலு இலக்க இரகசிய எண் (PIN) கேட்கும். பிள்ளையின் பிறந்த வருடத்தைப் போடாதீர்கள், அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு வயதைத் தெரிவு செய்யுங்கள். அதே செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படியும் வைக்கலாம். ஏற்கெனவே போனில் இருக்கும் கேமை இது அழிக்காது. நண்பனின் போனிலிருந்து நேராக அனுப்பிக்கொள்ளும் கேமையும் தடுக்காது. கடையில் காசு கொடுத்துப் போடும் டயமண்டையும் தடுக்காது.

போன காசு திரும்ப வருமா?

பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். கடையில் பிளேயர் ஐடி கொடுத்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் போனது போனதுதான்.

எங்கள் பாடசாலையில் ஒரு பையன். அம்மா குவைத்தில், அவனை வளர்ப்பது அம்மாயி. மலைக்குப் போய்க் கொழுந்து பறித்த சம்பளத்தை முந்தானையில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைப்பார். அதிலிருந்து ஐந்நூறு, ஆயிரம் என்று நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் டயமண்டாகப் போய்விட்டது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். மூன்று நாளுக்கும் மேலான கொழுந்து அது. அம்மாயி அவனை அடிக்கவில்லை. என்னிடம் வந்து, “அது என்னா டீச்சர் சாமான்? எங்க வச்சிருக்கான்? காட்டச் சொல்லுங்க” என்று கேட்டார். அவன் போனைத் திறந்து, சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பொம்மையைக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் ஒன்று வந்தால் எப்படி வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

கேமையே தடை செய்வதை நான் ஆதரிக்கவில்லை. தடையைச் சுற்றிப் போக உதவும் வீ.பி.என். செயலியைப் போட இரண்டு நிமிடம் போதும். அந்த வித்தையைப் படித்துக்கொண்ட பிள்ளை கேமை விட மோசமான இடங்களுக்கும் போவான்.

விற்பனையைப் பிடிக்க வேண்டும். கேமுக்குள் செலவாகும் எதையும் 16 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒரு வரி போதும். சிகரெட்டைப் போலவே கடையில் அறிவித்தல் தொங்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும். கடைக்காரருக்குச் சிறை வேண்டாம், தண்டம் போதும். ரீலோட் கடை வைத்திருப்பவரும் நம் ஆட்கள்தான், பெரும்பாலும் மலையை விட்டு டவுனுக்கு இறங்கிய இளைஞர்கள். கேமை நடத்தும் கம்பனிகள் வயதுக் குறியையும் எச்சரிக்கையையும் தமிழில் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை அந்த அம்மாயிக்கு எதற்கு? கலிபோர்னியாவில் நடந்ததையும் மறக்கக் கூடாது. ‘வன்முறை’ என்றால் எது என்று சட்டத்தில் தெளிவாக எழுதாவிட்டால், நாளைக்குக் கூத்துப் பாட்டையும் கார்ட்டூனையும் நிறுத்த அதே சட்டத்தை யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அது வரும் வரை கடைக்காரரிடம் என்ன சொல்வது?

சண்டை போடாமல், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்: “தம்பி, இவன் தனியா வந்தா போட்டுக் கொடுக்காதீங்க, நான் வந்தா மட்டும் போடுங்க.” எங்கள் டவுனில் ஒரு கடையில் மூன்று தாய்மார் சேர்ந்து போய் இப்படிச் சொன்னார்கள். அவர் ஒரு கொப்பித் தாளில் பையன்களின் பெயரை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

கேமில் பழகிய யாரோ என் மகளிடம் படம் கேட்கிறார். எங்கே சொல்வது?

உடனே 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவிலும் சொல்லலாம். பயத்தில் கேமை அழித்துவிடாதீர்கள். அந்த ஆளின் பெயர், ஐடி, அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டுப் பேசுங்கள். போனைப் பறித்து மகளை அடித்தால், அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்லமாட்டாள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன்.